இறங்கிய தாயும் ஏறிய தாயும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சிற்றூர்களில் இலக்கிய வட்டம் தொடங்குவது எளிது. தொடர்ந்து நடத்துவது அரிது. முதலாண்டில் நாற்பது பேர் வருவார்கள். மூன்றாம் ஆண்டில் நால்வர் எஞ்சுவார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கின்ற தேன்கனிக்கோட்டையில் ஒரு தமிழ் வட்டம் பத்தாண்டுகள் தளராது கூடிவந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் சிலருடைய பிடிவாதம் இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை முதற்கண் வாழ்த்துகிறேன்.

எனக்கு அளிக்கப்பட்ட பொருள் 'தாய்த்தெய்வம்'. நம் நாட்டு அம்மன்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம். ஆயினும் நம் முகத்தை நாம் காண வேண்டுமானால் எதிரே ஒரு கண்ணாடி வேண்டும். அக்கண்ணாடியாகக் கெல்டியர் என்னும் பழங்குடி மக்களின் தாய்த்தெய்வங்களை எடுத்துக்கொள்கிறேன். உரோமானியர் பரவுவதற்கு முன்பு ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் வாழ்ந்தவர்கள் இவர்கள். அவர்களுடைய மொழிகளில் வேல்சு, ஐரிசு முதலிய சில மட்டுமே இன்றும் வழங்குகின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சு நாட்டில் அந்நாட்டு மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். ஆங்கிலம் என்ற பெருமொழியைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு தம் மொழியைக் காத்துவரும் எல்லை மக்கள் அவர்கள். எல்லையில் வாழும் நாம் அவர்கள் கதையைக் கேட்பதில் பொருத்தம் உண்டு.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒப்புமை வேறு, உறவு வேறு. கெல்டியரும் தமிழரும் ஒரே குலம் என்றோ, அவர்கள் தெய்வம் இங்கிருந்து சென்றது என்றோ நான் சொல்ல வரவில்லை. அவர்கள் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்முடையது திராவிடக் குடும்பம். இரண்டு மக்கள் தனித்தனியே ஒரே கேள்வியை எதிர்கொண்டு எவ்வெவ்வாறு விடை கண்டனர் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அம்மா என்பதே பெயர்

கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், உரோமானியர் ஆட்சிக்கு உட்பட்ட கெல்டியர் நிலங்களிலும் அவற்றை அடுத்த ரைன் ஆற்றுப் பகுதியிலும், தாயர்க்கு நேர்ந்துகொண்டு நட்ட கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பெரும்பாலும் மூன்று பெண்கள் அருகருகே அமர்ந்திருப்பார்கள். ஒருத்தி மடியில் குழந்தை, ஒருத்தி மடியில் கனிகள், ஒருத்தி மடியில் அப்பம். கல்லின் கீழே இலத்தீன் எழுத்தில் 'மாத்ரேஸ்' அல்லது 'மாத்ரோனே' என்று பொறித்திருக்கும். இரண்டுக்கும் பொருள் 'தாயர்' என்பதுதான். சில கற்களில் அந்தச் சொல்லோடு ஊர்ப்பெயரோ குலப்பெயரோ அடைமொழியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னாருடைய தாயர், இந்த இடத்துத் தாயர் என்று அடையாளப்படுத்துவதற்கு மேல் வேறு பெயர் கிடையாது.

இதைக் கேட்டதும் நம் ஏழு கன்னிமார் நினைவுக்கு வருவார்கள். ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏழு கற்களாக நிற்கும் அவர்களைத் தனித்தனிப் பெயர் சொல்லி அழைப்போர் குறைவு. அங்கே மூன்று, இங்கே ஏழு. தாய்மை என்பது ஓர் உருவத்துக்குள் அடங்குவதில்லை என்று இரு மக்களும் எண்ணியிருக்கிறார்கள்.

ஆறுகளையும் அவர்கள் தாயாகக் கண்டனர். பிரான்சு நாட்டில் ஓடும் மார்ன் ஆற்றின் பழைய பெயர் மாத்ரோனா, அதாவது 'தாய்'. செயின் ஆற்றின் தாய்க்குச் செக்குவானா என்று பெயர். அந்த ஆறு தோன்றும் ஊற்றருகே அவளுக்குக் கோயில் இருந்தது. நோய் நீங்க வேண்டியவர்கள் கை, கால், கண், தலை என்று மரத்தில் செய்து அவளுக்குக் காணிக்கையாக இட்டிருக்கிறார்கள். அகழாய்வில் வெளிப்பட்ட அவை இன்று தீஜோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. மாரியம்மன் கோயிலில் வெள்ளிக் கண்மலரும் கைகால் தகடும் வாங்கிச் செலுத்துகின்ற நம்மூர்ப் பெண்ணுக்கு அந்த மரக்கண்ணின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறையில் மாணவியரிடம், 'உங்கள் ஊர் அம்மன் பெயர் என்ன?' என்று கேட்பது என் வழக்கம். ஒருத்தி பெரியம்மன் என்பாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் பெத்தம்மா என்பாள். இரண்டும் ஒரே பெயர். ஒருத்தி மாரியம்மன் என்பாள்; கன்னடம் பேசும் பெண் மாரம்மா என்பாள். இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்த பெயர் எல்லம்மா. தமிழ் பேசுவோர் இவளை எல்லையம்மன் என்று கொள்கிறார்கள். ஊர் எல்லையைக் காப்பவள். கன்னடமும் தெலுங்கும் பேசுவோர்க்கு 'எல்ல' என்பது 'எல்லாம்' என்று பொருள்படும். ஆகவே அவள் எல்லார்க்கும் அம்மா. ஒரே கோயில், ஒரே பொங்கல், ஒரே பெயர். ஒரு மொழிக்காரர்க்கு அவள் எல்லை. மற்றொரு மொழிக்காரர்க்கு எல்லை இல்லாதவள். மூன்று மொழிகள் சந்திக்கும் ஊரில் வாழ்வதன் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

தாயும் மகனும்

நம் ஊரின் பெரிய கோயில் பேட்டராய சுவாமி கோயில். கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாக ஒலிப்பதை இலக்கண மாணவர் அறிவர். வேட்டையாட வந்த இறைவன் என்று அப்பெயர்க்குப் பொருள் சொல்வார்கள். காலப்போக்கில் ஒலி மாறியும் பொருள் உள்ளே நின்றுவிடுகிறது. அதைப்போலவே மாத்ரோனா என்ற பழம்பெயர் வேல்சு மொழியில் மோட்ரன் என்று ஆயிற்று. மோட்ரனுக்கு ஒரு மகன். அவன் பெயர் மாபன். பழங்காலத்தில் மாபோனோஸ் என்று வழங்கிய அப்பெயர்க்கு 'மகன்', 'இளையவன்' என்று பொருள். தாயின் பெயர் தாய். மகனின் பெயர் மகன். வேறு பெயரே இல்லை. வேல்சு மரபில் ஒருவனைத் தந்தை பெயரோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம். மாபனையோ தாய் பெயரோடு சேர்த்து 'மோட்ரன் மகன் மாபன்' என்கிறார்கள்.

அவன் கதை கில்லுக், ஒல்வென் என்பாரைப் பற்றிய பழைய வேல்சுக் கதையில் வருகிறது. பிறந்த மூன்றாம் இரவிலேயே மாபன் தாயின் அருகிலிருந்து மறைந்துவிட்டான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவனைத் தேடுவோர் உலகத்திலேயே மூத்த உயிர்களிடம் சென்று கேட்கிறார்கள். கரும்பறவை மானிடம் அனுப்புகிறது, மான் ஆந்தையிடம், ஆந்தை கழுகிடம், கழுகு, எல்லாவற்றிலும் மூத்த ஒரு மீனிடம். ஆற்றில் எதிர்நீச்சலிட்டுச் செல்லும் அந்த மீன்தான் சிறைச்சுவருக்குள் ஒருவன் அழும் ஒலியைக் கேட்டிருந்தது. அவ்வாறு மாபன் மீட்கப்படுகிறான். தாய் இழந்த பிள்ளையை மனிதர்கள் மறந்துவிட்டார்கள். ஒரு மீன் மறக்கவில்லை.

நம்மிடம் முருகன் இருக்கிறான். 'முருகு' என்பதற்கு இளமை என்றும் அழகு என்றும் பொருள். திருமுருகாற்றுப்படை அவனைக் கொற்றவையின் மகன் என்று சிறப்பிக்கிறது. அவன் தாயைப் 'பழையோள்' என்றும் சுட்டுகிறது. மகன் இளையவன், தாய் பழையவள். மோட்ரனும் மாபனும் போலவே, உறவே பெயராக நிற்கும் இரட்டை இது. சிவனை அறிந்த நூல்தான் அது. ஆயினும் பழையவள் என்ற அந்தச் சொல்லில், குடும்பமாகத் தெய்வங்கள் அமைவதற்கு முற்பட்ட ஒரு நினைவு தங்கியிருக்கிறது எனலாம். தொல்காப்பியம் வெட்சித்திணையில் 'கொற்றவை நிலை' என்று அவளுக்கென ஒரு துறை வகுக்கிறது. அவள் போர்க்குரியவள், காட்டுக்குரியவள். திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில், பெருங்கற்காலக் கல்வட்டத்தில், அகன்ற தோள்களோடு தலையின்றி நிற்கும் ஒரு பலகைக்கல்லைத் தாய்த்தெய்வம் என்றே கருதும் ஆய்வாளர் உண்டு. எழுத்துக்கு முந்திய தாய் எவ்வளவு பழையவள் என்று எண்ணிப்பார்க்க அந்தக் கல் ஒரு வாயில்.

இறங்கிய கதை

இதுவரை ஒப்புமையைக் கண்டோம். இனி வேற்றுமைக்கு வருகிறேன். என் உரையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வேல்சு மக்களின் பழங்கதைத் தொகுதியை மாபினோகி என்பார்கள். வாய்மொழியாக வழங்கிவந்த அக்கதைகள் நமக்குக் கிடைக்கும் முதன்மையான ஏடுகள் 'ரிதெர்க்கின் வெள்ளைநூல்', 'ஹெர்கெஸ்ட்டின் செந்நூல்' என்ற இரண்டு. முன்னது 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பின்னது 1400ஆம் ஆண்டை ஒட்டியது. அதற்குள் அந்நாடு கிறித்தவ நாடாகிப் பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. எழுதியவர்களுக்குப் பழைய தாயர் தெய்வங்கள் அல்லர். ஆகவே கதையில் அவர்கள் அரசிகளாகவும் மாயம் வல்ல பெண்களாகவும் இறங்கிவிட்டார்கள்.

அவர்களுள் ரியானன் என்பவள் ஒருத்தி. அவள் பெயருக்கு மூலம் 'பேரரசி' என்று பொருள்படும் ஒரு தெய்வப்பெயர் என்று மொழியியலார் கூறுவர். வெண்குதிரை மேல் வருகிறாள். அவள் குதிரை மெல்ல நடக்கும், ஆயினும் எவ்வளவு விரைந்தாலும் யாரும் எட்ட முடியாது. தெய்வத்தின் நடை அது. ஆனால் கதை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். அவள் ஈன்ற ஆண்குழந்தை அன்றிரவே காணாமற் போகிறது. காவலிருந்த ஆறு பெண்களும் உறங்கிவிட்டவர்கள். தண்டனைக்கு அஞ்சி நாய்க்குட்டிகளைக் கொன்று, அக்குருதியைத் துயிலும் தாயின் முகத்திலும் கையிலும் பூசி, பெற்ற பிள்ளையைத் தாயே கொன்றுவிட்டாள் என்று பழி சுமத்துகிறார்கள். அவளுக்கு விதித்த தண்டனை ஏழாண்டு. ஒவ்வொரு நாளும் கோட்டை வாயிலில், குதிரை ஏறும் கல்லருகே அமர வேண்டும். வருகின்ற அயலார்க்கெல்லாம் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். விரும்புவோரைத் தன் முதுகில் சுமந்து அரண்மனைக்குள் கொண்டுசெல்ல வேண்டும்.

குதிரைத் தெய்வமாக இருந்தவள் தானே குதிரையாகிவிட்டாள். அவள் குழந்தையை வேறொரு தலைவன் கண்டெடுத்து வளர்த்துத் திருப்பித் தந்தபோதுதான் பழி நீங்கியது. கவலை தீர்ந்தது என்று அவள் சொன்ன சொல்லிலிருந்தே பிள்ளைக்குப் பிரதெரி என்று பெயரிட்டார்கள். 'கவலை' என்பது அப்பெயரின் பொருள். தாயின் துயரம் மகனின் பெயராயிற்று.

பிளொடைவெத் என்று இன்னொருத்தி. கருவாலி மலரும் புல்வெளி மலரும் கூட்டி, ஒரு வீரனுக்கு மனைவியாக இரண்டு மந்திரவாதிகள் அவளைச் செய்தார்கள். அவள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவள் வேறொருவனை விரும்பியபோது ஆந்தையாகச் சபித்துவிட்டார்கள். பெண்ணைப் பூ என்று பாடும் கவிஞர்கள் இக்கதையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, அங்கே தாய்த்தெய்வம் பெண்ணாக இறங்கினாள். இறங்கியதும் அவளுக்குக் கிடைத்தவை பழியும் சாபமும் சுமையும்.

ஏறிய கதை

நம் நாட்டில் வழி எதிர்த்திசையில் செல்கிறது. இங்கே பெண் தெய்வமாக ஏறுகிறாள்.

கண்ணகி வணிகர் குலத்துப் பெண். அவள் கணவன் செய்யாத குற்றத்துக்குக் கொலையுண்டான். சேரன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து அவளுக்குக் கோயில் எடுக்கும் வரை சிலம்பு அவளைத் தொடர்கிறது. கடல் கடந்து ஈழத்தில் அவள் தமிழர்க்குக் கண்ணகை அம்மனாகவும் சிங்களவர்க்குப் பத்தினித் தெய்வமாகவும் நிற்கிறாள். எல்லம்மாவைப் போலவே இவளும் இருமொழித் தாய்.

திரௌபதி சூதில் பணயம் வைக்கப்பட்டவள், அவையில் இழுத்துவரப்பட்டவள். வட தமிழ்நாட்டில் அவள் அம்மன். பதினெட்டு நாள் பாரதம் படித்து, கூத்தாடி, இறுதியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுகளத்தில் வீழ, அவள் விரித்த கூந்தலை முடிக்கிறாள். பின்பு மக்கள் தீ மிதிக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் சைத்திர மாத முழுநிலவன்று நடக்கும் கரக விழாவிலும் அவளே நாயகி. அதை நடத்தும் திகளர் சமூகத்தார் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள். பெண்ணுடை அணிந்த ஓர் ஆண், மல்லிகை வேய்ந்த கரகத்தைக் கையால் பற்றாமல் தலையில் ஏந்தி இரவெல்லாம் ஊர் சுற்றுகிறார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் செல்கிறார்.

இரேணுகையின் தலையைக் கணவன் ஆணைப்படி மகனே வெட்டினான். நாட்டார் கதையில் அந்தத் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்தியது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணின் உடல் அது என்பார்கள். மேல், கீழ் என்று வகுத்த இரண்டு பெண்கள் ஒரே வாளால் வெட்டுண்டு ஒரே தெய்வமானார்கள். மாரியம்மன் என்றும் எல்லம்மா என்றும் நாம் வணங்குவது அவளைத்தான்.

நம் பகுதி நடுகற்களின் நிலம். கிருட்டினகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் வீரக்கற்களைக் கண்டிருப்பீர்கள். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் வேறொரு வகைக் கல்லும் உண்டு. வளையல் அணிந்த ஒரு கை மட்டும் உயர்ந்து நிற்கும். கணவனோடு எரிந்த பெண்ணின் நினைவுக்கல். கன்னடத்தில் மாஸ்திக்கல் என்பார்கள். மாசத்தி என்ற சொல்லின் திரிபு அது. வீரனுக்கு முகமும் வாளும் குதிரையும் செதுக்கிய சிற்பி, அவளுக்கு ஒரு கையை மட்டும் செதுக்கினான். அந்தக் கைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு அம்மன் என்கிறோம்.

இப்போது இவர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். கண்ணகி, திரௌபதி, இரேணுகை, மாஸ்திக்கல் பெண். ஒவ்வொருத்தியும் அநீதிக்கு உள்ளானவள். ஒவ்வொருத்தியும் அந்த அநீதிக்குப் பிறகே தெய்வம். நம் மரபு உயர்ந்தது, வேல்சு மரபு தாழ்ந்தது என்று மகிழ்ந்துகொள்ள இடமில்லை. அவர்கள் தெய்வத்தைப் பெண்ணாக்கித் தண்டித்தார்கள். நாம் பெண்ணைத் தண்டித்துவிட்டுத் தெய்வமாக்கினோம். இரு வழிகளும் வெவ்வேறு திசையில் சென்றாலும் இடையில் ஒரே இடத்தைக் கடக்கின்றன. அந்த இடத்தில் உயிரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்க அங்கும் ஆளில்லை, இங்கும் ஆளில்லை.

தொட்டிலும் கோயிலும்

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1992ஆம் ஆண்டு தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாம் என்போர் அதைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்பது திட்டம். 2001ஆம் ஆண்டு அது விரிவாக்கப்பட்டபோது சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. கிருட்டினகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டில்தான் பிரிந்தது. ஆகவே அன்று நாமும் அந்தத் தருமபுரிக்குள்தான் இருந்தோம்.

ஊருக்கு ஓர் அம்மன், ஏரிக்கு ஏழு கன்னிமார், எல்லைக்கு ஓர் எல்லம்மா உள்ள மாவட்டம். அங்கே அரசு தொட்டில் கட்ட வேண்டி வந்தது. ஆடியில் கூழ் ஊற்றுகிற கையும் கள்ளிப்பால் ஊற்றுகிற கையும் ஒரே வீட்டில் இருந்தன. இதைச் சொல்லும்போது அத்தாய்மார்மீது பழி சுமத்த நான் வரவில்லை. ரியானன் கதையை நினைவில் கொள்ளுங்கள். குழந்தை போன வீட்டில் முதற்பழி தாய்மேல்தான் விழும். குருதியைப் பூசியவர்கள் தப்பிவிடுவார்கள். வரதட்சணை கேட்டவன், பெண் பிறந்தது என்றதும் மருத்துவமனை வாசலோடு திரும்பிப் போனவன், மூன்றாவதும் பெண்ணா என்று முகம் சுளித்த சுற்றம், இவர்கள் முகத்தில் குருதி தெரிவதில்லை. கோட்டை வாயிலில் அமர்ந்து தன் கதையைத் தானே சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

தாய்த்தெய்வ வழிபாடு மிகுந்த இடத்தில் பெண்ணுக்கு மதிப்பு மிகும் என்று சில நூல்கள் எழுதுகின்றன. நம் மாவட்டத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு எழுத மாட்டார்கள். வழிபாடு மதிப்பின் சான்றாகவும் இருக்கலாம்; கடனைத் திருப்பித் தராதவன் செலுத்துகின்ற வட்டியாகவும் இருக்கலாம்.

அவ்வாறாயின் அம்மன் வழிபாடு பொய்யா? இல்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அவளையன்றி வேறு துணை இல்லாதிருந்த மக்களை நான் எண்ணிப் பார்க்கிறேன். 1898ஆம் ஆண்டு பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. அந்நோயின் பெயரையே தாங்கிய மாரியம்மன் கோயில்கள் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ளன. பெரியம்மை 1980ஆம் ஆண்டு உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அம்மை வார்த்த வீட்டில் வேப்பிலை செருகும் வழக்கம் ஒழியவில்லை. அச்சத்தில் இருப்பவர்க்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கையை மதிக்கிறேன். நான் கேட்பது ஒன்றே: கல்லில் உயர்ந்த கையை வணங்குவோர், வீட்டுக்குள் உதவி கேட்டு நீளும் கையையும் பார்க்க வேண்டாமா?

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

கவிஞர் பெருமக்களே, கெல்டியர் தெய்வங்களுள் உங்களுக்கென்றே ஒருத்தி உண்டு. அவள் பெயர் பிரிஜிட். கவிஞர்கள் வணங்கும் தெய்வம் என்று அவளைக் கோர்மாக்கின் பெயரால் வழங்கும் பழைய ஐரிசுச் சொல்லகராதி குறிக்கிறது. மருத்துவத்துக்கு ஒருத்தி, கொல்லுத் தொழிலுக்கு ஒருத்தி என அவளுக்கு அதே பெயருடைய இரு சகோதரியரையும் சொல்கிறது. கிறித்தவம் வந்த பின்பும் அப்பெயர் மறையவில்லை; அதே பெயரில் ஒரு புனிதை கில்டேர் ஊரில் போற்றப்பட்டார். அங்கே அணையா நெருப்பு ஒன்றைக் கன்னித்துறவியர் காத்துவந்தனர் என்று 12ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் பதிவு செய்துள்ளார். அணைந்துபோன அந்நெருப்பை 1993ஆம் ஆண்டு மீண்டும் ஏற்றினார்கள். 2023ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் அவள் திருநாளை ஒட்டிப் பொது விடுமுறையும் உண்டு. பல தாயர் இறங்கிய நிலத்தில் ஒருத்தி இறங்காமல் நின்றதற்குக் காரணம் என்ன? பெண்கள் நாள்தோறும் கைம்மாற்றிக் காத்த மரபு அவளுடையது என்பதே என் கருத்து.

அதனால்தான் இந்த வட்டத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நம் சுற்றுவட்டாரத்து அம்மன்களின் கதைகளும் பாடல்களும் இன்னும் பெண்களின் வாயில் இருக்கின்றன. களை எடுக்கையிலும் கேழ்வரகு அறுக்கையிலும் பொங்கல் இடுகையிலும் பாடுகிறார்கள். அவர்கள் பேத்தியர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் மாற்றுப்பணி நேரம் பார்த்து ஓடுகிறார்கள். பாட்டுக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. வேல்சுக் கதைகளைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறர் எழுதியபோது தாயர் இறங்கிப்போனார்கள். நாம் காலந்தாழ்த்தாமல், பாடுபவள் சொன்னபடியே எழுத வேண்டும். தெலுங்கில் பாடினால் தெலுங்கை, கன்னடத்தில் பாடினால் கன்னடத்தை அப்படியே பதிந்து, பிறகு தமிழ்ப்படுத்த வேண்டும். எல்லம்மாவை எல்லையம்மனாக மட்டும் திருத்திவிட்டால் 'எல்லார்க்கும் அம்மா' என்ற பாதி தொலைந்துபோகும். பாடியவள் சம்மதித்தால், பாட்டின் கீழே அவள் பெயரையும் எழுத வேண்டும். பெயரில்லாத தாயர் நமக்குப் போதுமான அளவு இருக்கிறார்கள்.

இரண்டாவது விண்ணப்பம், நீங்கள் எழுதும் கவிதையைப் பற்றியது. தாயைப் பாடாத கவிஞர் இல்லை. தமிழ்த்தாய், நிலத்தாய், ஆற்றுத்தாய் என்று உவமைக்குத் தாயை அழைக்கிறோம். அந்த உவமைகளுக்கு நான் பகையில்லை. ஆனால் உயிரோடு இருப்பவளை அவள் உயிரோடு இருக்கும்போதே கண்டுகொண்ட கவிதை எத்தனை?

சிலப்பதிகாரத்தில் வேட்டுவவரி என்றொரு காதை உண்டு. நம் காடுகளைப் போன்ற ஒரு காட்டில், கொற்றவைக்கு விழா எடுக்கும் எயினர், தம் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகிறார்கள். அங்கே சாலினி என்ற வேட்டுவப்பெண் தெய்வமேறி ஆடுகிறாள். ஆடும்போது, வழிநடை வருத்தத்தால் ஓரமாக அமர்ந்திருக்கும் கண்ணகியைச் சுட்டிக்காட்டி, இவள் இந்நாட்டின் பெருமைக்குரிய திருமாமணி என்னும்படி புகழ்கிறாள். மதுரை இன்னும் எரியவில்லை. சிலம்பு இன்னும் உடையவில்லை. கணவன் உயிரோடு அருகில் இருக்கிறான். கண்ணகியோ, இந்த முதியவள் ஏதோ மயங்கிப் பேசுகிறாள் என்று சொல்லிக் கணவன் முதுகுக்குப் பின்னே நாணி ஒதுங்கிப் புன்னகைக்கிறாள்.

பின்னர் அரசர்கள் அவளை அறிந்தார்கள். புலவர்கள் அறிந்தார்கள். கல் எடுத்தார்கள், கோயில் கட்டினார்கள். எல்லாம் அவள் எரிந்து தீர்ந்த பிறகு. அவள் களைத்த கால்களோடு உட்கார்ந்திருந்தபோதே அவள் யாரென்று சொன்னவள் காட்டுக்காரி ஒருத்தி மட்டுமே. அந்தச் சொல்லை அங்கிருந்த யாரும் பொருட்படுத்தவில்லை, கண்ணகியும் நம்பவில்லை.

கவிஞரின் வேலை அந்தச் சாலினியின் வேலை என்று நான் கருதுகிறேன். கோயில் கட்டுவதற்கு ஆட்கள் பின்னால் வருவார்கள். ஓரமாக அமர்ந்திருப்பவளை இப்போதே சுட்டிக்காட்டுவதற்கு ஒரு குரல் வேண்டும். இந்த வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் அத்தகைய குரல்கள் பல இங்கே எழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.